அண்ணன் கடைக் கம்ப்யூட்டர்

என் பெரியம்மா மகன் ஆரணி பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறான். என்னைவிட மூத்தவன், எனக்கு அண்ணன். ஒரு காலத்தில் அவனைப் பார்த்தால் எனக்குப் பாசம்கூட வந்தது. இப்போது வருவது வேறு. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். படித்து முடித்துவிட்டு யாரும் எனக்குப் பெருந்தன்மை சொல்லித்தர வர வேண்டாம். அந்த வகுப்பு நடந்த அன்று நான் லீவு.

எங்கள் ஜனங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. சொந்தத்தில் ஒருவர் கடை வைத்திருந்தால் அந்தப் பொருளை வேறு கடையில் வாங்கக் கூடாது. எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை, ஆனாலும் யாரும் மீறுவதில்லை. சித்தப்பாவின் பாத்திரக் கடை இருக்க, வேறு கடைக் குக்கரோடு யாராவது அவர் கண்ணில் பட்டுவிட்டால் அடுத்த கல்யாணத்துக்குப் பத்திரிகை வராது. அதனால் எனக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்றபோது எங்கே வாங்குவது என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. அண்ணன் கடைதான்.

நான் சேவூரில் வீட்டிலிருந்தபடியே பட்டுச் சேலைகளுக்கு டிசைன் போடுகிறவள். எந்த இழை மேலே வர வேண்டும், எது கீழே போக வேண்டும் என்று திரையில் கட்டம் கட்டமாக நிரப்பிக் கொடுப்பேன். தறிக்கு மேலே இருக்கும் ஜக்கார்டு அதன்படி நூலைத் தூக்கும், இறக்கும். அந்த வேலை முடிந்ததும் கேம் ஆடுவேன். சும்மா மிட்டாய் உடைக்கிற கேம் இல்லை, துப்பாக்கிச் சண்டை. தெருவில் மற்றவர்கள் சீரியல் பார்க்கும் நேரத்தில் நான் மாடிப்படி மறைவில் பதுங்கி ஆட்களைச் சுட்டுக்கொண்டிருப்பேன். என் குணத்துக்கு அது ஒத்துப்போனது.

இரண்டு வேலைக்கும் தாங்குகிற மாதிரி, என் பட்ஜெட்டுக்கு அடக்கமாக ஒன்று போட்டுக் கொடு என்று அண்ணனிடம் கேட்டேன். அவன் நீலமும் சிவப்புமாக விளக்கு எரிகிற ஒரு கேபினெட்டைக் காட்டினான். பிறகு மேஜைக்கு அடியிலிருந்து எஸ்.எம்.பி.எஸ்ஸை எடுத்தான். சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி உள்ளே இருக்கிற ஒவ்வொன்றுக்கும் அளந்து கொடுக்கிற பெட்டி அது.

"தூக்கிப் பாரு," என்றான். "எத்தினி கனம் பாத்தியா? ஒரிஜினல் மால். கேமுக்குன்னே வர்றது."

தூக்கிப் பார்த்தேன். கனமாகத்தான் இருந்தது. நான் ஏமாந்தது அந்த இடத்தில்தான். எங்கள் வீடுகளில் பட்டு நூல் எடை போட்டு வருகிறது, சேலையாக எடை போட்டுத் திரும்பிப் போகிறது. கொஞ்சம் குறைந்தாலும் கேள்வி வரும். ஜரிகையானாலும் வெள்ளிக் கொலுசானாலும் முதலில் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்போம், பிறகுதான் கண்ணால் பார்ப்போம். கனமாக இருந்தால் நல்ல பொருள். இது எனக்குத் தெரிந்திருந்த அளவுக்கு அவனுக்கும் தெரிந்திருந்தது. அவனும் தறி வீட்டில் பிறந்தவன்தானே.

எங்கள் தெருவில் விசைத்தறிகள் அதிகம். கரண்ட் போய்த் திரும்பி வரும்போது அத்தனை தறியும் ஒரே நேரத்தில் ஓட ஆரம்பிக்கும். வீட்டு விளக்குகள் ஒரு முறை மங்கி, ஒரு முறை பளிச்சென்று எரிந்து, அப்புறம்தான் நிதானத்துக்கு வரும். அப்படி ஒரு மத்தியானம் கரண்ட் திரும்பி வந்து, நானும் கம்ப்யூட்டரைப் போட்டு, ஒரு கல்யாணச் சேலையின் முந்தானைக்குக் கடைசிக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தேன். கண் இமைக்கிற நேரம் கரண்ட் போய் மறுபடியும் வந்தது. பெட்டிக்குள் சின்னதாகப் பட்டென்று ஒரு சத்தம். பிளாஸ்டிக் கருகுகிற நாற்றம். திரை கறுத்தது. எஸ்.எம்.பி.எஸ் சாகும்போது ஹார்டு டிஸ்க்கையும் கூட்டிக்கொண்டு போயிருந்தது. பென் டிரைவில் நான் எடுத்து வைத்திருந்தது பாதி முந்தானைகூட இல்லை.

கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோனேன். அந்த டிசைனை என்னிடம் கொடுத்திருந்த முதலாளி, பல தறிகளுக்கு நூல் கொடுத்துச் சேலை வாங்குகிறவர், அப்போது அங்கேதான் உட்கார்ந்திருந்தார். அவர் ஆபீஸ் கம்ப்யூட்டர்களும் அண்ணன் போட்டுக் கொடுத்தவைதான். இன்னும் நாலைந்து வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அண்ணன் மூடியைக் கழற்றி ஒரு பார்வை பார்த்தான். எதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

"கேம் ஆடி ஆடிக் கொளுத்திட்டா," என்று முதலாளியைப் பார்த்துச் சிரித்தான். "பொழுதன்னைக்கும் டுமீல் டுமீல்னு சுட்டுகினு இருந்தா மெஷின் இன்னாத்துக்கு ஆவும்? பொண்ணுங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம்? பார்டர் போடுன்னு குடுத்தா பட்டாளத்துக்குப் போறா."

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. அதுதான் மோசம். "முகூர்த்தம் வருதும்மா," என்று மட்டும் சொன்னார். அந்த முந்தானையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அந்த முகூர்த்தத்துக்கு மட்டுமில்லை, அதற்குப் பிறகும் அவரிடமிருந்து எனக்கு வேலை வரவில்லை. மற்ற முதலாளிகளும் மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டார்கள். ஒரு காதுகுத்தில் பெரியம்மாவே பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஏண்டி, கேம் ஆடித்தான் மெஷினக் கொளுத்திட்டியாமே," என்று கேட்டாள். எதிர் வரிசை வரைக்கும் கேட்டது. அன்றைக்கு வடையைப் பிட்டுக்கொண்டே முடிவு செய்தேன். இவன் அதே கடையில், அதே ஆட்களுக்கு முன்னால், தன் வாயால் உண்மையைச் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் எனக்கு வேறு வேலை இல்லை.

செத்த எஸ்.எம்.பி.எஸ் என்னிடம்தான் இருந்தது. இதுக்கு வாரண்டி கிடையாது, புதுசு வேண்டுமானால் பணம் கட்டு என்று சொல்லிப் பழசைத் திருப்பிக் கொடுத்திருந்தான். அதைச் சும்மா குலுக்கிப் பார்த்தேன். உள்ளே ஏதோ லேசாக நகர்ந்தது. அதன் திருகாணி மேல் அவன் கடை முத்திரையும் கையெழுத்தும் போட்ட வாரண்டி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது, அதனால் திறக்கவில்லை. ஃபேன் பக்கத்து ஓட்டைகள் வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன்.

பெட்டிக்குள் பாதி இடம் காலியாக இருந்தது. ஒரு ஓரத்தில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு கட்டு. டேப்பின் முனையிலிருந்து மெல்லிய இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் நூல் கோக்கிற சின்னத் துளை. எனக்கு அவற்றைத் தெரியாமல் இருக்குமா? தறியில் நூல் தொய்யாமல் இருக்க ஜக்கார்டுக்கு அடியில் தொங்கவிடுகிற எடைக் கம்பிகள். நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலேயே அவற்றைப் பிடித்து இழுத்து அடி வாங்கியவள் நான்.

எனக்கு அழுகை வரவில்லை, சிரிப்புதான் வந்தது. மட்டமான பெட்டியை வாங்கி, கனம் பார்க்கிற ஊருக்காக உள்ளே கனத்தை வைத்து விற்றிருக்கிறான். கரண்ட் ஓடுகிற பெட்டிக்குள் இரும்பை வைக்க எவ்வளவு துணிச்சல் வேண்டும். வீடு எரிந்திருந்தால் அதையும் என் துப்பாக்கிச் சண்டைமேல்தான் போட்டிருப்பான்.

அப்போதே ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. கம்ப்யூட்டரைக் கொளுத்தியவள் என்று பேர் வாங்கியவள் பேசினால் யார் கேட்பார்கள்? 'உனக்கு இன்னா தெரியும்' என்று ஒரு வார்த்தை சொல்வான், கூட்டம் மறுபடியும் சிரிக்கும். அந்த ஒரு வார்த்தையை முதலில் அவன் வாயிலிருந்து பிடுங்க வேண்டும். எனக்குத் தெரிய வேண்டும். தெரியும் என்பது ஊருக்கும் தெரிய வேண்டும். அதற்கு ஒரே வழி, நானே ஒரு கம்ப்யூட்டரைப் பாகம் பாகமாகப் பூட்டி ஓட்டிக் காட்டுவது.

படிக்க ஆரம்பித்தேன். அப்பாவின் பழைய லேப்டாப்பில், கிடைத்த சின்னச் சின்ன டிசைன் வேலைகளுக்கு நடுவே. கோபத்தில் படித்தால் நன்றாக மண்டையில் ஏறுகிறது. பள்ளிக்கூடத்தில் என் மேல் யாரும் இப்படிப் பழி போட்டிருந்தால் நான் டாக்டராகியிருப்பேன்.

பாகங்களைச் சேர்ப்பதை ஜாதகப் பொருத்தம் மாதிரி என்று சிலர் சொல்வார்கள். அப்படியில்லை. ஜாதகத்தில் பரிகாரம் உண்டு. பிராசசரின் காலும் மதர்போர்டின் சாக்கெட்டும் பொருந்தாவிட்டால் எந்தக் கோயிலுக்குப் போனாலும் பொருந்தாது. ராம் கட்டைகளிலும் பழைய தலைமுறை, புதிய தலைமுறை உண்டு. நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும், பலவந்தமாக அழுத்தினால் உடையும். சில பிராசசர்களுக்குப் படம் காட்டுகிற சக்தியே கிடையாது, கிராபிக்ஸ் கார்டு இல்லாவிட்டால் திரை இருட்டாகவே இருக்கும். கார்டு வாங்கினால் அதற்குத் தனியாகக் கரண்ட் கொடுக்கிற வயர் எஸ்.எம்.பி.எஸ்ஸில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இவ்வளவும் பார்த்த பிறகு எல்லாம் கேபினெட்டுக்குள் அடங்குமா என்று டேப் வைத்து அளக்க வேண்டும்.

ஒன்றில் மட்டும் நான் கஞ்சத்தனம் பார்க்கவில்லை. பிராசசரில் ஒரு படி கீழே இறங்கினேன், கலர் விளக்கு வேண்டவே வேண்டாம் என்றேன், அப்படி மிச்சம் பிடித்ததை எல்லாம் நல்ல எஸ்.எம்.பி.எஸ்ஸில் போட்டேன். அது கூரியரில் வந்தபோது கையில் வாங்கி எடை பார்க்கப் போன என் கையை நானே கீழே இறக்கினேன். பெட்டியின் மேல் அச்சடித்திருந்ததைத்தான் படித்தேன். அதை வாங்கி உபயோகித்தவர்கள் சொன்னதைத்தான் படித்தேன். கை பொய் சொல்லும் என்று கற்றுக்கொடுத்தவன் அண்ணன். குருதட்சிணை வைத்திருந்தேன், சேர வேண்டிய நேரத்தில் சேர்ப்பேன் என்று இருந்தேன்.

சறுக்கலும் இருந்தது. வேலூரில் ஒருவர் உபயோகித்துவிட்டு விற்ற கிராபிக்ஸ் கார்டு, நான் அளந்து பார்த்தும், கேபினெட்டுக்குள் ஹார்டு டிஸ்க் மாட்டுகிற இரும்புக் கூட்டில் இடித்தது. கூட்டை நான் அளவில் சேர்க்கவில்லை. அப்பா பத்து நிமிஷம் அதைப் பார்த்தார், ஹேக்சா பிளேடை எடுத்தார், கூட்டை அறுத்து எடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அதன் பிறகு எல்லாவற்றையும் பூட்டி ஸ்விட்சைப் போட்டால் ஃபேன் சுற்றியது, திரையில் ஒன்றுமில்லை. அன்றைக்கு நிஜமாகவே பயந்தேன். அவன் சொன்னது சரிதானோ என்று ஒரு மத்தியானம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் புரிந்தது. மதர்போர்டு பழைய ஸ்டாக், பிராசசர் அதற்குப் பின்னால் வந்தது. போர்டுக்குள் இருக்கிற மென்பொருளைப் புதுப்பிக்காமல் அதற்கு இந்த பிராசசரை அடையாளம் தெரியாது. வேலூருக்குக் கொண்டுபோய் ஒரு கடையில் புதுப்பித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பட்டப்பகலில், தெருவில் அத்தனை விசைத்தறியும் ஓடிக்கொண்டிருக்கும்போது, கதவைத் திறந்து வைத்து, சத்தத்தை ஏற்றி வைத்துத் துப்பாக்கிச் சண்டை ஆடினேன். கரண்ட் ஆடியது, விளக்கு மங்கியது, கம்ப்யூட்டர் அசையவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள். வரட்டும் என்றுதான் கதவைத் திறந்து வைத்திருந்தேன். எந்த விளம்பரமும் தேவைப்படவில்லை. நானே பூட்டிய கம்ப்யூட்டர் என்பது ஒரு வாரத்தில் சேவூரைத் தாண்டிப் போனது.

ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு அண்ணன் கடையில் எல்லா கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். வாடிக்கையாளர்கள் எல்லோரும் பொரி, சுண்டல் வாங்க வருவார்கள். நான் எதிர்பார்த்த மாதிரியே கடை நிரம்பியிருந்தது. முதலாளி நாற்காலியில் இருந்தார். பெரியம்மா உள்ளே மணையில் உட்கார்ந்து சுண்டல் மடித்துக்கொண்டிருந்தாள். நான் துணிப்பையிலிருந்து செத்த எஸ்.எம்.பி.எஸ்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தேன்.

"அண்ணா, இதுக்கும் கொஞ்சம் சந்தனம் வச்சுடு," என்றேன்.

"செத்துப் போனதுக்கு இன்னா பூஜை?" என்றான். சிரிப்பு எழுந்தது. நான் அது அடங்கும்வரை காத்திருந்தேன்.

"உள்ள இருக்கறதுக்குத்தான் பூஜை. தெறந்து வை."

அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அந்த ஒரு கணத்துக்காக நான் இன்னும் ஒரு வருஷம்கூடக் காத்திருப்பேன். "அதெல்லாம் தெறக்கக் கூடாது, வாரண்டி போயிடும்," என்றான்.

"வாரண்டி இல்லன்னு நீதான சொன்ன. உன் ஸ்டிக்கர், உன் கையெழுத்து. நான் கை வைக்கல. இவங்களே பாக்கட்டும்."

முதலாளி பெட்டியை வாங்கி ஸ்டிக்கரைப் பார்த்தார். விரலால் தடவியும் பார்த்தார். "ஒட்டினது ஒட்டினபடியேதான்பா கீது. தெறந்து காட்டேன், இன்னா இருக்குதுன்னு பாத்துடலாம். எங்க ஆபீஸ்லயும் இதே பெட்டிதான கீது."

ஸ்க்ரூ டிரைவரை நானே எடுத்து அவன் கையில் கொடுத்தேன். நாலு திருகாணி. ஒன்று கீழே விழுந்து உருண்டது, யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. மூடி வந்தது. டேப் சுற்றிய கட்டை முதலாளி வெளியே எடுத்து, டேப்பை உரித்து, கம்பிகளை மேஜைமேல் பரப்பினார். அங்கே இருந்த யாருக்கும் அது என்ன என்று விளக்க வேண்டியிருக்கவில்லை.

"எனக்கின்னா தெரியும்? சென்னையிலர்ந்து வந்த சரக்கு," என்றான் அண்ணன்.

"சென்னைல கம்ப்யூட்டர் கடைக்காரன் தறி ஓட்றானா?" என்று கேட்டார் முதலாளி. குரலைக்கூட உயர்த்தவில்லை.

பெரியம்மா சுண்டலை வைத்துவிட்டு எழுந்து வந்தாள். கம்பிகளைப் பார்த்தாள், மகனைப் பார்த்தாள், பிறகு என் கையைப் பிடித்தாள். "பூஜை நாளும்மா. வுட்டுடும்மா. வூட்ல வச்சுப் பேசிக்கலாம்."

"அவன் இங்கதான சொன்னான் பெரிம்மா. இங்கயே சொல்லட்டும்."

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அவ கொளுத்தல. பெட்டிதான் சரியில்ல."

"கேக்கல," என்றேன். எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது. அவன் மறுபடியும் சொன்னான், இந்த முறை வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கிற மாதிரி. நான் ஒரு பொட்டலம் சுண்டல் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நன்றாக இருந்தது சுண்டல்.

அடுத்த வாரமே முதலாளியிடமிருந்து டிசைன் வந்தது. மற்றவர்களும் வந்தார்கள். இத்தோடு நான் திருப்திப்பட்டிருக்க வேண்டும் என்று அம்மா சொல்கிறாள். ஆனால் ஒன்று நடந்தது, அதை நான் கேட்டு வாங்கவில்லை. களம்பூர் ரைஸ்மில் சூப்பர்வைசர் ஒருவர் அண்ணன் கடையில் கேமிங் கம்ப்யூட்டர் கேட்டிருக்கிறார். சொந்தக்காரர், அதனால் வேறு கடைக்குப் போக முடியாது. ஆனால், "உன் தங்கச்சி ஒரு வாட்டி வந்து பாத்து சரின்னு சொல்லட்டும், எடுத்துக்கறேன்," என்று சொல்லிவிட்டார். அண்ணனே எனக்குப் போன் போட வேண்டியதாயிற்று. போனேன். அவரைப் பார்த்து அடுத்தவரும் அதையே கேட்டார். அப்புறம் அது அந்தக் கடையின் வழக்கமாகிவிட்டது.

இப்போது வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். வாடிக்கையாளர் ஒரு பக்கம் உட்கார்ந்திருப்பார். நான் ஒவ்வொரு பாகமாக எடுத்து சாக்கெட்டைப் பார்த்து, ராமின் வெட்டைப் பார்த்து, எஸ்.எம்.பி.எஸ்ஸைக் குலுக்கி, ஓட்டைக்குள் டார்ச் அடிப்பேன். அண்ணன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். அவன் இப்போது நல்ல பொருள்தான் போடுகிறான். எனக்குத் தெரியும். இரண்டு நிமிஷத்தில் முடிகிற வேலையை நான் அரை மணி நேரம் பார்ப்பேன். இதற்குக் கூலி வாங்குவதில்லை. வாங்கினால் அது வெறும் வேலையாகிவிடும்.

போன வெள்ளிக்கிழமை வாடிக்கையாளர் போன பிறகு என்னிடம் கேட்டான், "இன்னும் எத்தினி நாளைக்கு இப்பிடி?"

நான் டார்ச்சை அணைத்துப் பையில் போட்டேன். அவன் மேஜை டிராயரைத் திறந்து கடைச் சாவியை எடுத்து என் முன்னால் வைத்தான். "நீயே எடுத்துக்க. நிஜமாத்தான் சொல்றேன். எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க. நான் வேற எதுனா பாத்துக்கறேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. சாவியை அவன் பக்கமே தள்ளினேன்.

"வேணாண்ணா," என்றேன். "கடை என்னுதாயிட்டா, நீ எதுக்கு வந்து நிக்கப் போற?"